புக்கெட்டில் வீடு வாங்கலாமா? வெளிநாட்டாருக்குத் தாய்லாந்துச் சட்டம் தருவதும் தராததும்

புக்கெட்டுக்கு நாலு நாள் சுற்றுலா போய்வந்தவர்களில் சிலருக்கு ஐந்தாம் நாள் ஓர் ஆசை முளைக்கும். கத்தா கடற்கரையில் யாரோ நீட்டிய துண்டுப் பிரசுரம் பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும். கடல் தெரியும் பால்கனி, கீழே நீச்சல் குளம், 'வெளிநாட்டவருக்கும் முழு உரிமை' என்று பெரிய எழுத்து. அந்தக் கடைசி வரி உண்மையா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

பாதி உண்மை. அடுக்குமாடியில் ஒரு வீட்டை உங்கள் பெயரிலேயே எழுதித் தருவார்கள். தனி மனையாக ஒரு சென்ட் நிலம்கூடத் தர மாட்டார்கள்.

தாய்லாந்தின் நிலச் சட்டம் 1954-இல் வந்தது. அதன் 86-ஆம் பிரிவுப்படி, இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருந்தால்தான் வெளிநாட்டார் அங்கே நிலம் வாங்கலாம். அப்படிப்பட்ட ஒப்பந்தம் இன்று எந்த நாட்டோடும் நடப்பில் இல்லை. 1999-இல் ஒரு சின்னக் கதவு திறந்தார்கள். 4 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) தொகையை அரசு சொல்லும் வகைகளில் முதலீடு செய்து, உள்துறை அமைச்சரின் அனுமதியும் பெற்றால், குடியிருக்க ஒரு ராய் வரை வாங்கலாம். ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 40 சென்ட். அவ்வளவு பணம் இருப்பவர் இந்த விளக்கத்தைப் படிக்கமாட்டார், வக்கீலைத்தான் கூப்பிடுவார்.

அப்போது தரகர் இரண்டாவது வழி ஒன்று சொல்வார். 'ஒரு கம்பெனி தொடங்குவோம் சார். 51 சதவீதம் தாய்லாந்துக்காரர் பெயரில், 49 உங்கள் பெயரில். கையெழுத்து அதிகாரம் முழுக்க உங்களுக்கு.' கேட்க நன்றாக இருக்கும். நம் ஊரில் பினாமி என்கிறோமே, அதேதான். வெளிநாட்டாருக்காகப் பெயர் கொடுத்து நிலம் வாங்கும் தாய்லாந்துக்காரருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டாருக்கும் அதே அளவுதான். அபராதத் தொகை சிரிப்பாக இருக்கலாம், அடுத்த பகுதி சிரிப்பில்லை: 180 நாளுக்குக் குறையாமல், ஓராண்டுக்கு மிகாமல் ஒரு கெடு கொடுத்து நிலத்தை விற்றுவிடச் சொல்வார்கள், விற்காவிட்டால் நிலத் துறையே விற்றுவிடும். பங்குதாரர் உண்மையிலேயே பணம் போட்டாரா என்று துருவிப் பார்ப்பது புக்கெட்டில் இப்போது கூடியிருக்கிறது. எவ்வளவு சுத்தமாகக் காகிதம் போட்டுத் தந்தாலும் இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

தாய்லாந்துப் பெண்ணையோ ஆணையோ மணந்தவர்களுக்கு வேறு கதை. அந்தத் துணைவர் தம் பெயரில் நிலம் வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் அவருடைய தனிச் சொத்து, எனக்கு இதில் பங்கில்லை என்று நில அலுவலகத்தில் நீங்களும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு பங்கில்லைதான்.

அப்புறம் குத்தகை. வில்லா வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நேர்வழி. உரிமையியல் சட்டத்தின் 540-ஆம் பிரிவு 30 ஆண்டு வரை அனுமதிக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால், மூன்று ஆண்டுக்கு மேல் அது செல்லாது. பதிவுக் கட்டணம் மொத்தக் குத்தகைத் தொகையில் 1 சதவீதம், முத்திரை வரி 0.1 சதவீதம். விளம்பரங்களில் '30 + 30 + 30, மொத்தம் 90 ஆண்டு' என்று இருக்கும். சட்டம் ஒப்புக்கொள்வது முதல் 30-ஐ மட்டும்தான். அடுத்த 30-ஐப் புதுப்பிக்கும் நாளில்தான் புதிதாக எழுத முடியும். அன்றைக்கு நிலத்தின் சொந்தக்காரர் யாரோ, அவர் மனம் எப்படியோ? 99 ஆண்டாக உயர்த்தலாம் என்று 2024-இல் ஒரு பேச்சு எழுந்தது. பேச்சை நம்பி முன்பணம் கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

சரி, அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். 1979-ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டப்படி, ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டார் பெயரில் இருக்கலாம். வீடுகளின் எண்ணிக்கையில் அல்ல, பரப்பில். வீடுகள் எல்லாம் சேர்ந்து 10,000 சதுர மீட்டர் என்றால் 4,900 வரை. 4,880 ஏற்கெனவே போய்விட்டது என்றால் 35 சதுர மீட்டர் வீடு உங்களுக்குக் கிடைக்காது, கட்டடத்தில் பாதி காலியாக இருந்தாலும் சரி. அதனால் விலை பேசும் முன்பே குடியிருப்போர் நிர்வாகத்திடமிருந்து, வெளிநாட்டார் ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது என்ற கடிதத்தைக் கேளுங்கள். பழைய வீடு என்றால் பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் நில அலுவலகத்தில் பெயர் மாற்ற மாட்டார்கள்.

இதைவிடப் பலர் சறுக்கும் இடம், பணம் எந்த ரூபத்தில் உள்ளே வந்தது என்பது. நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டார் முழு விலையையும் வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் கொண்டுவந்து, அங்கே பாட்டாக மாற்றியதாகக் காட்ட வேண்டும். பணம் அனுப்ப நம் ஊர் வங்கிக்குப் போனால், 'பாட்டாகவே அனுப்பிவிடலாமே சார், சுலபம்' என்று யாராவது சொல்லக்கூடும். தலையாட்டிவிடாதீர்கள். டாலராக அனுப்புங்கள். நோக்கம் என்ற இடத்தில் அடுக்குமாடி வீடு வாங்க என்று, முடிந்தால் கட்டடத்தின் பெயரும் வீட்டு எண்ணும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும், முன்னெழுத்தா தந்தை பெயரா என்ற நம் வழக்கமான குழப்பம் உட்பட. ஒரே தடவையில் 50,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால், அங்குள்ள வங்கி எஃப்.இ.டி. (அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனை) படிவம் என்ற ஒரு தாளைத் தரும். அதற்குக் கீழ் என்றால் பணம் வந்ததற்கான வங்கிக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் பதிவு நடக்காது.

இந்தியாவில் வசிப்பவருக்கு இந்தப் பக்கமும் விதி உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மனைவி, மகன் வரம்பையும் சேர்த்து அனுப்ப வேண்டுமென்றால் அவர்களும் வீட்டுக்குக் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல், சொத்து வாங்க அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மிஞ்சியதில் 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையில் இருக்க வேண்டிய பணம் அது. வாங்கிய பிறகு ஒவ்வோர் ஆண்டும் வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீட்டைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

பதிவு நாளில் இரு தரப்பும் நில அலுவலகத்துக்கு வருவார்கள். டோக்கன், நாற்காலி, காத்திருப்பு எல்லாம் நம் சார்பதிவாளர் அலுவலகம் போலத்தான். வேறுபாடு ஒன்று: பத்திரம் தனி, பட்டா தனி என்ற அலைச்சல் அங்கே இல்லை. ஒரே ஆவணம், அன்றைக்கே அதன் பின்பக்கத்தில் உங்கள் பெயர் ஏறும். அதனால் எந்த ஆவணத்தைக் காட்டினாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். யார் யாரிடமிருந்து யாருக்குப் போனது, அடமானம் இருக்கிறதா, வில்லங்கம் முழுக்க அந்தப் பின்பக்கக் கட்டங்களில் இருக்கும். மனை குத்தகை என்றால் முன்பக்கத்தையும் பாருங்கள். மேலே சிவப்புக் கருடன் சின்னம் இருந்தால் சனோட், முழு உரிமை ஆவணம். பச்சைக் கருடன் அடுத்த படி. விவசாயச் சீர்திருத்த நிலத்துக்குத் தரும் சோர் போர் கோர் தாளைக் காட்டினால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அந்த நிலத்தை விற்கவே முடியாது.

பெயர் மாற்றக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், பெரும்பாலும் ஆளுக்குப் பாதி. விற்பவர் வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் 3.3 சதவீத வணிக வரி உண்டு, ஆகியிருந்தால் பொதுவாக 0.5 சதவீத முத்திரை வரியோடு போகும். இதையெல்லாம் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீடு பார்க்கப் போவது எப்படி? இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 நவம்பரில் 30 நாள், 2024 ஜூலை 15 முதல் 60 நாள் என்று விசா இல்லாமல் விட்டார்கள். இந்த எண் மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. வீடு வாங்கிவிட்டால் தானாக விசா வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வராது.

போவதென்றால் செப்டம்பரில் போங்கள் என்பேன். தரகர்கள் ஜனவரியில் கூப்பிடுவார்கள், அப்போது கடல் கண்ணாடி போல இருக்கும். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கம் மழைக்காலம். கரையில் சிவப்புக் கொடி, சாலையில் ஓடும் மண் தண்ணீர் எல்லாம் அப்போதுதான் தெரியும். 2024 ஆகஸ்டில் கரோன் பகுதியில் மலைச்சரிவு விழுந்து 13 பேர் இறந்தார்கள். 'மலை மேல், கடல் பார்த்த வீடு' என்ற விளம்பரத்தை அந்தச் சரிவை நினைத்துக்கொண்டு படியுங்கள். கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அதே ஆண்டு யாமு முனையில் ஒரு வில்லாவின் படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்ததில் சண்டை வந்தது. அளந்து பார்த்தால் படிக்கட்டு நின்றதே பொது நிலத்தில், இடித்துவிட்டார்கள்.

இந்தக் கடற்கரையில் சொத்தைப் பற்றி எழுதிவைத்த வெளிநாட்டார் நாம்தான் என்பது ஒரு வேடிக்கை. புக்கெட்டுக்கு வடக்கே, பாங்கா மாகாணத்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவாரிடம் அடைக்கலமாக விட்ட செய்தியைச் சொல்கிறது. குளத்துக்குக் காவல் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

வாடகை வருமானம் பற்றி ஒரு வார்த்தை. 30 நாளுக்குக் குறைவாக, நாள் கணக்கில் வீட்டை விடுவது 2004-ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டத்தின் கீழ் வரும், உரிமம் வேண்டும். மாத வாடகைக்கு விடலாம். தரகரின் வருமானக் கணக்கு நாள் வாடகையில் போட்டதா, மாத வாடகையில் போட்டதா என்று கேளுங்கள்.

வாரிசுக்கும் இதே விதிதான். உங்களுக்குப் பிறகு வீடு போகும் மகனோ மகளோ சட்டம் சொல்லும் தகுதி இல்லாதவர் என்றால் ஓராண்டுக்குள் விற்க வேண்டியிருக்கும். விற்ற பணத்தை ஊருக்குக் கொண்டுவர வங்கிக்குப் போனால், பணம் முதலில் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அந்த எஃப்.இ.டி. தாளின் அசலை வீட்டு ஆவணத்தோடு ஒரே உறையில் வையுங்கள், எந்த உறை என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லியும் வையுங்கள்.