எந்த லினக்ஸை எடுப்பது? பென் டிரைவிலேயே ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம்

லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவிப் பார்க்கலாம் என்று முதன்முறையாக எண்ணுபவர் உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட், ஆர்ச் என்று நீளும் பெயர்களைக் கண்டு மலைத்துப்போவது இயல்பு. ஆனால் இவை அனைத்தின் அடியிலும் இருப்பது, 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ் கருநிரல்தான். நினைவகத்தைப் பங்கிடுவதும் வன்பொருளை இயக்குவதும் கருநிரலின் வேலை. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது என்பதால், 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள், திரையில் நாம் காணும் மேசைச்சூழல், உலாவி முதலியவற்றை அதனுடன் இணைத்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்துத் தருகிறார்கள். இந்தத் தொகுப்புக்கு வழங்கல் என்று பெயர்.

புதியவர்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்தே வழங்கலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். க்னோம், கேடிஈ போன்ற மேசைச்சூழல்களை ஏறக்குறைய எந்த வழங்கலிலும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அது அவ்வளவு முக்கியமில்லை. மென்பொருள்கள் எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன என்பதே முக்கியம். லினக்ஸில் பல மென்பொருள்கள் ஒரே நிரலகத்தை, அதாவது பொதுவான வேலைகளுக்கென எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பை, பகிர்ந்துகொள்வதால், அந்த நிரலகத்தின் பதிப்பு மாறினால் அதை நம்பியிருக்கும் வேறொன்று பழுதாகலாம். ஆகவே டெபியனின் நிலையான பதிப்பு சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைத்திருத்தங்களையும் மட்டுமே ஏற்கிறது. ஆர்ச்சோ புதியவை வர வர வழங்கிக்கொண்டே இருக்கிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகி 5 ஆண்டுகள் பராமரிக்கப்படுகிறது. கையில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு இதையோ, இதை அடிப்படையாகக் கொண்ட மின்ட்டையோதான் நான் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வன்தட்டைத் தொடாமல் ஒரு முழு இயங்குதளம் எப்படி ஓடுகிறது என்பது சுவையான செய்தி. இயங்குதளத்தின் கோப்புகள் யாவும் பென் டிரைவில், மாற்ற முடியாதபடி சுருக்கப்பட்ட ஒரே பெருங்கோப்பாக இருக்கின்றன. கணினி தொடங்கியதும் கருநிரல் அக்கோப்பைத் திறந்து, எழுதத்தக்க ஒரு மெல்லிய அடுக்கை நினைவகத்தில் அதன் மேல் விரிக்கிறது. படிக்கும்போது தரவு கீழடுக்கிலிருந்து வருகிறது. ஒரு கோப்பை நாம் திருத்தினால் அதன் நகல் மேலடுக்குக்கு ஏறி, மாற்றம் அங்கேயே பதிகிறது. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடுவதால், அடுத்த முறை எல்லாம் பழைய நிலையிலேயே இருக்கும்.

இந்த நிலையில் தெரியும் மந்தத்தை வைத்து இயங்குதளத்தை எடைபோடக் கூடாது. அது பென் டிரைவின் வேகத்தாலும், சுருக்கத்தை அவ்வப்போது விரிக்க வேண்டியிருப்பதாலும் வருவது. வைஃபை, ஒலி, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பன போன்றவற்றையே சோதிக்க வேண்டும். வைஃபை சில்லுகள் பலவற்றுக்கு, மூலநிரல் வெளியிடப்படாத உள்நிரல், அதாவது சில்லுக்குள்ளேயே ஓடி அதை இயக்கும் சிறு நிரல், தேவை. யாரும் மூலநிரலைப் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கே முதலிடம் தரும் டெபியன், அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்காமலேயே பல ஆண்டுகள் இருந்தது. 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பில்தான் அவை இடம்பெற்றன. எனவே பழைய வழிகாட்டிகளில் வைஃபைக்காகச் சொல்லப்படும் சுற்றுவழிகள் பலவும் இப்போது தேவைப்படுவதில்லை.