ஃபோட்டோரியாக்டிவேஷன்: ஒளிமீட்புன்னு சொல்லலாமே

வெயிலூர்னு நம்ம வேலூர கிண்டல் பண்ணிகினே தலையில கர்ச்சீப் கட்டிகினு போறோம், ஆனா நெல்லு வயல்ல உரத்துக்குன்னு விடுற நீலப்பச்சைப் பாசிக்கு (பேருதான் பாசி, அது பாக்டீரியா) வெயில விட்டு ஒதுங்குனா சோறு இல்ல, வெயில்லயே நின்னா புறஊதா அதோட டிஎன்ஏவ கெடுத்துடும். பக்கத்து பக்கத்துல கீற ரெண்டு தைமின் (டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணு) ஒட்டிகினு முடிச்சாயிடும், அந்த எடத்துல டிஎன்ஏவ நகல் எடுக்க முடியாம செல்லு தடுமாறும். அதே வெயில்ல கீற நீல வெளிச்சத்த வெச்சு அந்த முடிச்ச அவுக்கறதுதான் ஃபோட்டோரியாக்டிவேஷன்.

ஃபோட்டோ கிரேக்கத்துல வெளிச்சம், ரீ லத்தீன்ல திரும்ப, ஆக்டிவேஷன்னா செயல்பட வெக்கறது. 1949ல அமெரிக்காவுல ஆல்பர்ட் கெல்னர் ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு மண்ணு பாக்டீரியாவோட வித்துங்க மேல புறஊதா அடிச்சு பாத்துகினு இருந்தாரு, ஒரு தடவ நெறைய பொழைக்குது, இன்னொரு தடவ பொழைக்கல, சூடுதான் காரணமோன்னு தேடி கடைசில பாத்தா ஜன்னல் வெளிச்சம்! அதே வருஷம் ரெனாட்டோ டல்பெக்கோ பாக்டீரியாவ தாக்குற வைரஸ்லயும் இத பாத்தாரு. செத்துப்போச்சுன்னு நெனச்சது திரும்ப வேலை செஞ்சதால இந்தப் பேரு, உள்ள இன்னா நடக்குதுன்னு அப்ப தெரியாது.

அதனால ஒளி மறுசெயலூக்கம்னு வார்த்தைக்கு வார்த்தை மாத்தறது எனக்கு புடிக்கல. ஒளிமீட்பு போதும். அடகு கடைல நகைய மீட்டா அதே நகை அப்படியே கைக்கு வருது இல்ல, அது மாதிரி இங்க டிஎன்ஏவுல எதையும் வெட்டறதில்ல, ஒட்டுன தைமின் பிரிஞ்சு பழையபடி ஆயிடுது. கெட்ட துண்ட வெட்டி எறிஞ்சு புதுசா கட்டற வழியும் செல்லுக்கு உண்டு, அது நகைய உருக்கி செய்யற மாதிரி, வேற கணக்கு.

இத செய்யற நொதி ஃபோட்டோலையேஸ். லைசிஸ்னா கிரேக்கத்துல அவுக்கறது, அப்போ ஒளியவிழ்ப்பி சரியா வரும். சுமாரா 350லேருந்து 450 நானோமீட்டர் வெளிச்சத்த புடிச்சு ஒரு எலக்ட்ரான முடிச்சுக்கு குடுக்கும், முடிச்சு பிரிஞ்சதும் அந்த எலக்ட்ரான் திரும்பி வந்துடும். இத வருஷக்கணக்கா ஆராய்ஞ்ச அஜீஸ் சன்ஜார் டிஎன்ஏ பழுதுபாக்கற வேலைக்காக 2015ல நோபல் வாங்குனாரு.

ஒளிச்சேர்க்கையோட இத கொழப்பிக்க வேணாம், முடிச்சு அவுக்கறதுல பச்சையத்துக்கு வேலை இல்ல. அப்பறம் இந்த நொதி நமக்கு கெடையாது, கங்காருக்கு கீது.