பொறுப்புக்கூறல்: சொல்லும் பொருளும்

ஏரிக்கரை, ஆற்றங்கரை, பழைய துறைமுக ஓரம் என்று எதையாவது ஒரு மாநகராட்சி சீரமைக்கக் கிளம்பினால், கொஞ்ச நாளில் ‘அக்கவுண்டபிலிட்டி’ என்ற சொல்லும் கிளம்பிவிடும். அதைத் தமிழில் சிலர் ‘பொறுப்பு’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘வெளிப்படைத்தன்மை’ என்கிறார்கள். இரண்டும் பக்கத்துவீட்டுச் சொற்கள்தான், ஆனால் பொருள் வேறு. வேலையைச் செய்ய வேண்டிய கடமை பொறுப்பு. ஆவணத்தைப் பார்க்கக் கொடுப்பது வெளிப்படைத்தன்மை. ஊர்ப் பணத்தைச் செலவழித்தவர் ஊரார் முன் வந்து எவ்வளவு, எதற்கு, ஏன் என்று பதில் சொல்வதும், அந்தப் பதில் நிற்கவில்லை என்றால் விளைவை ஏற்பதும்தான் அக்கவுண்டபிலிட்டி.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கம்ப்யூட்டாரே’. கணக்கிடுதல் என்று பொருள். கம்ப்யூட்டரும் இதே வேரில் வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது, கணக்கு என்ற பொருளோடு நடந்ததை எடுத்துச் சொல்வது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்டங்களில் அரசரின் அதிகாரிகளாக இருந்த ஷெரிஃபுகள் ஆண்டுதோறும் அரசரின் கருவூலத்துக்கு வந்து கணக்கு ஒப்புவித்தார்கள். மேசைமேல் கட்டம் போட்ட துணி விரித்திருக்கும். வரவேண்டியது, வந்தது, மீதி எல்லாவற்றையும் அதன்மேல் காய்களை வைத்து எண்ணுவார்கள். அந்தக் கட்டத் துணியால்தான் அந்த அலுவலகத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் வந்தது. ‘ஆடிட்’ என்பதும் கேட்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்ததே. கணக்கை உரக்கப் படிக்க, மற்றவர் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்த்த வழக்கம் அதில் இருக்கிறது.

பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் இன்னும் கண்டிப்பானது. பதவி முடிந்த அதிகாரி ‘யூதினா’ என்ற கணக்கு விசாரணையில் தேற வேண்டும். அந்தச் சொல்லுக்கு நேராக்குதல் என்று பொருள். நகரச் சுவரைப் பழுதுபார்க்கும் பொறுப்பில் இருந்த புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனீஸுக்குப் பொன்முடி சூட்ட ஒருவர் முன்மொழிந்தபோது, அவர் இன்னும் கணக்கு ஒப்புவிக்கவில்லையே என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அவருடைய எதிரி வழக்குப் போட்டார். கிமு 330இல் அது விசாரணைக்கு வந்து தோற்றது என்பது வேறு விஷயம். கணக்கு முடியும்முன் பாராட்டு கூடாது என்று சட்டமே சொன்னது, பாருங்கள்.

தமிழில் இதற்கு நிகர் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்து, கிபி 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்களைச் சொல்லும்போது, வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் இருந்துவிட்டு ‘கணக்குக் காட்டாதே’ இருந்தவர்களை விலக்குகிறது. அவர்களின் நெருங்கிய உறவினரையும் சேர்த்தே விலக்குகிறது. அந்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. நீர்நிலைக்குச் செலவழித்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது கல்லில் வெட்டிய விதியாகவே நம்மிடம் இருந்திருக்கிறது.

நீர்க்கரைத் திட்டங்களில் இந்தச் சொல் அடிக்கடி எழக் காரணம் உண்டு. செலவில் பெரும்பங்கு கண்ணில் படாது. கரைச்சுவருக்கு அடியில் இறக்கிய தூண், தூர்வாரிய சேறு, பழைய தொழிற்சாலை விட்டுப்போன நச்சு மண்ணை அகற்றியது எல்லாம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கீழே போய்விடும். மேலே தெரிவது நடைபாதையும் விளக்கும்தான். அப்புறம், பணம் ஒரு கையில் இருந்து வருவதில்லை. டொராண்டோவில் 2001இல் கனடாவின் மத்திய அரசு, ஒன்டாரியோ மாகாண அரசு, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து நீர்க்கரைக்கென்று ஒரு தனி அமைப்பை உருவாக்கின. மூவரும் சேர்ந்து கொடுக்கும்போது யார் யாருக்குப் பதில் சொல்வது என்ற கேள்வி எளிதில் நழுவிவிடும்.

அங்கே 2010இல் திறந்த சுகர் பீச் என்ற நீர்க்கரைப் பூங்காவின் இளஞ்சிவப்புக் குடைகள் ஒவ்வொன்றும் 11,000 டாலருக்கு மேல் ஆனது என்று சில ஆண்டுகள் கழித்துப் பெரிய சர்ச்சை எழுந்தது. குடைக்கு இவ்வளவா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் விலையைச் சொன்னதோடு அக்கவுண்டபிலிட்டி முடிந்துவிடாது. அந்தத் தொகையில் அடித்தளம் அடங்குமா, ஏரிக் காற்றைத் தாங்குமா, எத்தனை ஆண்டு நிற்கும், மலிவான வேறொன்றை ஏன் ஒதுக்கினார்கள், ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்பதெல்லாம் பதிலில் இருக்க வேண்டும். பட்டியலில் ‘இதர செலவுகள்’ என்று ஒரு வரி போட்டு மொத்தத்தை எழுதினால் அது வெறும் கூட்டல். அதைக் கணக்கு என்று ஏற்க முடியாது.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? ‘பொறுப்புடைமை’ புழக்கத்தில் இருந்தாலும் அது குணத்தைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ‘தணிக்கை’ ஆடிட்டுக்கு மட்டும் பொருந்தும். அதுவும் உருது வழியாக வந்தது, தெலுங்கின் ‘தனிகீ’க்கு உறவு. இலங்கைத் தமிழ் ஏடுகளில் நிலைபெற்ற ‘பொறுப்புக்கூறல்’ என்னைக் கேட்டால் சிறந்தது. வாய் திறந்து சொல்லும் செயல் அதற்குள்ளேயே இருக்கிறது. பேச்சு பணத்தைப் பற்றி மட்டும் என்றால் ‘கணக்குக் காட்டுதல்’ என்றே எழுதலாம்.

எழுதும்போது யார், யாருக்கு, எதற்கு என்ற மூன்றையும் விடாமல் எழுத வேண்டும். ‘திட்டத்தில் பொறுப்புக்கூறல் உறுதிசெய்யப்படும்’ என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘கரைச்சுவரின் கூடுதல் செலவுக்கு ஆணையர் மாமன்றத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும்’ என்பதில் மூன்றும் இருக்கின்றன.