பெட்போர்டு மேடு எத்தனை டிகிரி?

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு பெட்போர்டு பக்கம் ஏறிப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த மேடு காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியும் இருக்கும். ஒரு நாள் இரண்டு கையிலும் பையோடு பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது, இது எத்தனை டிகிரி சாய்வு இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. முப்பது டிகிரியாவது இருக்கும் என்று தோன்றியது. போனில்தான் சாய்வு பார்க்கிற வசதி இருக்கிறதே, ரோட்டில் வைத்துப் பார்த்தேன்: 8. நம்பாமல் இரண்டு அடி தள்ளி வைத்தேன்: 9. பக்கத்தில் கடலை வறுத்துக்கொண்டிருந்தவர், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் குனிந்து தேடினார்.

என் கண்ணில் மட்டும் கோளாறு இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பிராஃபிட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 5 டிகிரி மேட்டைக் காட்டினால் ஜனங்கள் சுமார் 20 என்கிறார்கள், 10 டிகிரியை 30 என்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சாயும் பலகையில் கையை வைத்து, மேட்டின் சாய்வுக்குச் சரியாகத் திருப்பச் சொன்னால் கை கிட்டத்தட்ட சரியான கோணத்தைக் காட்டிவிடுகிறது. வாய்தான் கூட்டிச் சொல்கிறது. நம்ம நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டியதும் பற்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறதே, ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை என்று பெயர் வாங்கிய அந்த ஏற்றம், 12.28 அடிக்கு ஒரு அடிதான். டிகிரியில் சொன்னால் 5ஐக்கூடத் தொடாது. ஜன்னலில் எட்டிப் பார்த்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

1999இல் பிராஃபிட்டும் முகுல் பல்லாவும் இன்னொன்று சொன்னார்கள்: முதுகில் கனமான பை இருந்தால், ஓடிக் களைத்திருந்தால், வயதாகியிருந்தால் அதே மேடு இன்னும் செங்குத்தாகத் தெரிகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். 2009இல் ஃபிராங்க் டர்ஜின் குழு அதே மாதிரி பையை மாட்டிவிட்டு, "இதில் தசையை அளக்கிற கருவி இருக்கிறது, அதனால்தான் கனம்" என்று ஒரு சாக்குச் சொன்னது. அப்படிச் சொன்னவுடன் மேடு கூடுதலாகத் தெரியவே இல்லை. பையை எதற்கு மாட்டுகிறார்கள் என்று ஊகித்து, கேட்டவருக்குப் பிடித்த பதிலைத்தான் பலர் சொல்லியிருக்கிறார்கள் போல. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் பிடித்த ஆராய்ச்சி 2016இல் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆண்டனி பரோவும் இரண்டு கூட்டாளிகளும் செய்தது. வழக்கமாக, ஏறுவது ரொம்பக் கஷ்டம் என்று நினைக்கிறவருக்கு மேடும் கூடுதலாகத் தெரியும், இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு மேட்டின் முன்னால் நிறுத்தி, வாழ்க்கையில் எதற்காக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சில நிமிஷம் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்டால், அந்த ஒட்டு தளர்ந்துபோகிறது. கஷ்டம் என்றே சொல்கிறவர்கூட மேட்டை அவ்வளவாக ஊதிப் பெரிதாக்குவதில்லை. மேடு சின்னதாகிறது என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். மேடைப் பேச்சாளர் கையில் கிடைத்தால் "நோக்கம் இருந்தால் மலையும் மடுவாகும்" என்று ஆக்கிவிடுவார். கண்டது அவ்வளவு பெரிசில்லை, ஆனால் அதைவிடச் சுவாரசியமானது.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவரிடம் கேட்டேன், இந்தச் சரிவில் நாள் முழுக்க எப்படி அக்கா என்று. "மேட்ட யாரு தம்பி பாக்குறது? எடை போடுறதுக்குள்ள பை நெறையணுமேன்னுதான் பாப்போம். ராத்திரி முட்டிக்கு எண்ணெ தேய்க்கும்போதுதான் மேடு தெரியும்." பரோவின் கட்டுரை மொத்தமும் இந்த மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது. எண்ணெய் விஷயத்தை மட்டும் அவர் எழுதவில்லை.

சரி, தலைக்குள் என்ன நடக்கிறது? டோபமைன் என்றால் சந்தோஷ ரசாயனம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அது பாதிதான் சரி. 1990களில் ஜான் சாலமோன் என்பவர் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார். ஒரு பக்கம் 2 தீனி உருண்டை, சும்மா போய் எடுக்கலாம். இன்னொரு பக்கம் 4, ஆனால் நடுவில் 44 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு, எலிக்கு அது நம்ம தொட்டபெட்டா சிகரம் மாதிரி. சாதாரண எலிகள் ஏறிக் குதித்து 4ஐத் தின்றன. மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் டோபமைனைக் குறைத்ததும் அதே எலிகள் 2 போதும் என்று இருந்துவிட்டன. தடுப்பை எடுத்துவிட்டால் மறுபடி 4க்கே போயின. ஆக பசி இருக்கிறது, எது அதிகம் என்ற கணக்கும் தெரிகிறது, ஏறுகிற மனசுதான் போய்விட்டது. கூலிக்கு இந்தப் பாடு தகுமா என்று உள்ளுக்குள் ஓயாமல் ஒரு பேரம் நடக்கிறது. எலிக்கு உருண்டை எப்படியோ, நமக்கு நோக்கம் அப்படி அந்தப் பேரத்தில் கூலிப் பக்கத்துத் தட்டில் விழுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த அக்காவின் பெண் என்னிடம் கணக்கு டியூஷனுக்கு வருகிறாள், பத்தாவது. சின்ன வகுப்பில் எல்லாம் "மூளைக்காரி" என்று பேர் வாங்கியவள். இப்போது ஒரு வரி தப்பாகிவிட்டால், நான் பார்ப்பதற்குள் இடது கையால் மறைத்துக்கொண்டு தாள் கிழிகிற வரைக்கும் ரப்பரால் அழிப்பாள். இந்தப் பாராட்டைப் பற்றித்தான் 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் எழுதினார்கள். புதிர் போட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும் சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் ஒரே ஒரு வரி. அப்புறம் கடினமான புதிர் கொடுத்துத் தோற்க விட்டார்கள். "புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைகள் அடுத்த சுற்றில் முதலில் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள். முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு மதிப்பெண்ணை எழுதச் சொன்னால், அவர்களில் கிட்டத்தட்ட 10க்கு 4 பேர் கூட்டி எழுதினார்கள்.

2011இல் ஜேசன் மோசர் என்ற உளவியலாளர், பங்கேற்றவர்களின் தலையில் மின்முனை ஒட்டி இதன் உள்பக்கத்தைப் பார்த்தார். திரையில் ஐந்து எழுத்து, நடுவில் இருப்பது M-ஆ N-ஆ என்று சட்டென்று அழுத்த வேண்டும், தப்பு வராமல் இருக்காது. தப்பு செய்த 50 மில்லி நொடியில் மூளையில் ஒரு அதிர்வு வருகிறது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்து அரை நொடிக்குள் இன்னொன்று வருகிறது, தப்பைக் கவனித்து அதன் மேல் நிற்கிற அதிர்வு. அறிவு வளரக்கூடியது என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பெரிதாக இருந்தது, அடுத்த அழுத்தலும் சரியாக வந்தது. குத்தல் எல்லோருக்கும் சமம். குத்தின இடத்தைத் திரும்பிப் பார்க்கிறோமா என்பதில்தான் ஆள் மாறுகிறது. பங்கேற்றவர்கள் 25 பேர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய அளவில் பார்த்தால் பலன் சின்னது. 2019இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூளை பழகப் பழக வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம் நடத்தினார்கள். அதைப் படித்தவர்களில் பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரி, சுமார் 4 புள்ளிக்கான கணக்கில் 0.1 ஏறியது. செலவைப் பார்த்தால் கெட்ட பலன் இல்லை, ஆனால் தலையெழுத்து மாறிவிடவில்லை. அதுவும், கூடப் படிக்கிற பிள்ளைகளும் கஷ்டமான கணக்கைத் தொடுகிற பள்ளிகளில்தான் நன்றாக எடுபட்டது. மனசு மாறினால் போதும் என்று சாதிக்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை வசதியாக விட்டுவிடுவார்கள். எண்ணெய் தேய்க்கிற முட்டியையும்தான்.

டியூஷனில் நான் ரப்பரை ஒழித்துவிட்டேன், எல்லோரும் பேனாதான், தப்பானால் ஒரு கோடு. முதல் இரண்டு வாரம் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன வாரம் ஒரு இருபடிச் சமன்பாட்டில் மூன்று இடத்தில் அடித்திருந்தாள். நான் குனிந்ததும் கை நோட்டை மறைக்கப் போய், பாதியில் நின்றது. "எங்க தப்புன்னு சொல்லாதீங்க சார், நானே பாக்குறேன்" என்றாள். வெளியே மழை பிடித்துவிட்டது. அக்கா குடையோடு வாசலில் வந்து நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தார், கூப்பிடவில்லை. இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று.