துருவைக் கறுப்பாக்கும் கடுக்காய்

வடசென்னையில் கடலையொட்டிய தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த கிணற்று ஜகடையைக் காயலான் கடையில் போட மனசு வராமல் எடுத்துவைத்திருக்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, கீழே ஒரு பல்பு மாட்டி, அதை ஹாலில் தொங்கும் விளக்காக்கிவிட்டார். ஐப்பசி மழை முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் செந்தூள் கொட்டுகிறதாம். கொளத்தூரில் இருக்கும் அவருடைய அக்கா, பழைய தையல் மெஷின் காலில் பலகை போட்டு டேபிள் செய்திருக்கிறார். அதே பெயிண்ட்தான், ஆனால் வருஷக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை. “எங்கள் பக்கம் இரும்புக்கு ராசி இல்லை என்கிறார் மாமியார். உண்மையா?” என்று கேட்கிறார்.

ராசியில் ஒன்றும் குறையில்லை. காரணம் உப்பு.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்பது பள்ளிப் பாடம். ஒரு சொட்டு நீர் இரும்பின் மேல் உட்கார்ந்தால், சொட்டின் நடுப்பகுதியில் இரும்பு எலெக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. காற்று எளிதாகப் புகும் ஓரத்தில் ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளையமாகத் துரு படிகிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் இதை ஒரே ஒரு உப்புநீர்ச் சொட்டை வைத்துக் காட்டினார். துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி வினைதான் என்று கண்ணால் பார்க்க வைத்த சோதனை அது. அந்தச் சொட்டில் உப்பு இருந்தால் மின்னோட்டம் சுலபமாகிறது, வேலை வேகமாக நடக்கிறது.

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் அலை உடையும்போது கோடிக்கணக்கான சிறு குமிழ்கள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் உப்புத் துளிகளைக் காற்றில் தெறிக்கிறது. கரையிலிருந்து உள்ளே போகப்போக இந்த உப்புப் படிவு மளமளவென்று குறைந்துவிடும். முதல் சில நூறு மீட்டரில் இருப்பதற்கும் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கும் பெரிய வித்தியாசம். கொளத்தூர் அக்காவின் டேபிள் தப்பித்தது இதனால்தான். மணலி, எண்ணூர் பக்கம் என்றால் ஆலைப் புகையின் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்துகொள்ளும், அது தனிக் கதை.

கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மெக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 சதவீதமே போதும். ராயபுரம் கடலோரத்தில் சித்திரை வெயிலில்கூட ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் கையால் தடவிப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும் ஜகடையின் மேல், கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இதோடு போனால் தேவலை. துருப்பிடிக்கும் வேலையில் குளோரைடு செலவாவதே கிடையாது. கரைந்த இரும்பு அயனியோடு சேர்ந்து இரும்பு குளோரைடு ஆகிறது. அது தண்ணீரோடு வினைபுரிந்து துருவாக மாறும்போது அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலம் அடியில் இருக்கும் நல்ல இரும்பைக் கரைக்கிறது, மறுபடியும் இரும்பு குளோரைடு, மறுபடியும் துரு, மறுபடியும் அமிலம். பல வருஷம் கடல்காற்று பட்ட வார்ப்பிரும்பில், துருவின் அடிப்பள்ளங்களில் இந்த குளோரைடு பதுங்கியிருக்கும். உப்புத்தாள் மேல்துருவைத்தான் எடுக்கும், பள்ளத்துக்குள் போகாது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? பெயிண்ட் படலம் பார்க்கத்தான் கண்ணாடிபோல் இருக்கிறது, நீராவி மெதுவாக அதை ஊடுருவிவிடும். உள்ளே இருக்கும் உப்பு அந்த நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது, அடியில் நீர் தேங்கிப் படலம் எழும்புகிறது. வாசகி பார்த்த கொப்புளம் அதுதான். துருவின் கன அளவு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், எழும்பிய பெயிண்ட் பிறகு வெடிக்கவும் செய்கிறது.

அப்படியானால் முதல் வேலை உப்பை வெளியேற்றுவது. பொத்து உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, சலவை சோடா கரைத்த நீரில் பொருளை ஊறப்போட வேண்டும். காரநீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனிகள் துருவுக்குள் நுழைந்து குளோரைடை வெளியே தள்ளும். சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அருங்காட்சியகங்களில் இப்படித்தான் காரக்கரைசலில் மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். ஜகடைக்குச் சில வாரம் போதும். கடைசியாக அலசும்போது ஆர்ஓ தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் குளோரைடு உண்டு, நம் பக்கத்து போரில் கேட்கவே வேண்டாம். அலசியதும் உடனே துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பொருளில் பழைய பெயிண்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல் கம்பி, தொட்டில், டிரங்குப் பெட்டியில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்வையால் சொல்ல முடியாது. அந்தத் தூளைக் குழந்தைகள் சுவாசித்தாலோ விழுங்கினாலோ மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், சுரண்டியதைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பாழுங்கிணற்று ஜகடையை வீட்டுக்குள் தொங்கவிட்டால் தரித்திரம், பழைய இரும்பு சனியைக் கூட்டிவரும் என்றெல்லாம் பயமுறுத்துகிறவர்கள் ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. ஒரு வீட்டில் இருக்கிற பயத்தையெல்லாம் இல்லாத ஆபத்துக்குச் செலவழித்துவிட்டால், இருக்கிற ஆபத்துக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, இப்போது கடுக்காய்க்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உப்பை எடுத்த பிறகும் இரும்பின் மேல் கெட்டியான, உதிராத செந்துரு ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்கப் படாதபாடு பட வேண்டியதில்லை. அந்தத் துருவையே பூச்சாக மாற்றிவிடலாம். பூங்கா நகரில் கந்தகோட்டம் இருக்கும் ராசப்ப செட்டி தெருவுக்குப் போனால் நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய் கிடைக்கும். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடித்து, ஒரு கைப்பிடித் தூளை அரை லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள், இரும்புச் சட்டி வேண்டாம். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு சாறு வரும். அதைப் பிரஷ்ஷில் தொட்டுத் துருவின் மேல் தடவிவிட்டு, அங்கே இங்கே போகாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

முதலில் செம்மை மங்கும். ஓரங்களில் ஊதா கலந்த சாம்பல் நிறம் பரவும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருநீலமாகும். மறுநாள் காலையில் நல்ல கறுப்பாக இருக்கும். மை பூசியதுபோல் இருக்கிறது என்று தோன்றினால் அது சரிதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மூரில் மை காய்ச்சியிருக்கிறார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய்ப்புகளை வைத்துச் செய்த மையும் இதே வேதியியல்தான். வாழைக்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போவதிலும் இந்த வினைக்குப் பங்கு உண்டு.

நடப்பது இது. கடுக்காய்த் தோலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டானின். வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு, டானின் நம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வருவது. தோல் பதனிடுவதும் இதே பிடிப்பை வைத்துத்தான். பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பழைய சிநேகிதர்கள். டானின் மூலக்கூறில் ஆறு கார்பன் கொண்ட வளையங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு வளையத்திலும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் இரண்டோ மூன்றோ ஹைட்ராக்சில் குழுக்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆக்சிஜன்களும், நண்டு தன் கொடுக்கின் இரண்டு விரலால் கவ்வுவதைப்போல், இரும்பு அயனியை இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. ஒற்றைப் பிடி சுலபமாக விடும், இரட்டைப் பிடி விடாது. ஒரு இரும்பு அயனியை இப்படி மூன்று வளையங்கள் வரை சூழ முடியும். டானின் பெரிய மூலக்கூறு என்பதால் அதன் ஒரு வளையம் ஒரு இரும்பையும் இன்னொரு வளையம் பக்கத்து இரும்பையும் பிடிக்கிறது. இப்படிப் பிடித்துப் பிடித்து, நீரில் கரையாத ஒரு வலை துருவின் மேல் பின்னப்படுகிறது. இரும்பு டானேட் என்று பெயர்.

அப்புறம் அந்தக் கறுப்பு. துரு செம்பழுப்பாக இருப்பதற்குக் காரணம், அது நீல ஒளியையும் பச்சை ஒளியில் ஒரு பகுதியையும் விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புவது. டானின் பிடியில் சிக்கியதும் நிலைமை மாறுகிறது. வளையத்தில் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்று இரும்பு அயனிக்குத் தாவ முடிகிறது. அந்தத் தாவலுக்குத் தேவையான ஆற்றல் மிகக் குறைவு, சிவப்பு ஒளியே போதும். ஆக, முன்பு திருப்பி அனுப்பிய சிவப்பையும் இப்போது விழுங்கிவிடுகிறது. கண்ணுக்கு வந்து சேர ஒளியே இல்லை, கறுப்பு தெரிகிறது. ஜகடையில் எந்தச் சாயமும் வந்து ஒட்டவில்லை. இருந்த இரும்பு அயனியின் அக்கம்பக்கம்தான் மாறியிருக்கிறது.

ஏன் உடனே கறுக்காமல் மறுநாள் வரை எடுத்துக்கொள்கிறது? துருவில் இருப்பது பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு. அது உடனே நிறம் காட்டும். ஆனால் கடுக்காய்ச் சாறு அமிலத்தன்மை கொண்டது. அது அடியிலிருந்து கொஞ்சம் இரும்பைக் கரைக்கும், அதில் இரண்டு எலெக்ட்ரான் மட்டும் இழந்த அயனி வரும். இந்த அயனியோடு டானின் சேர்ந்தால் நிறம் ஏறக்குறைய இருக்காது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மெல்ல வந்து மூன்றாவது எலெக்ட்ரானையும் பிடுங்கிய பிறகே கறுப்பாகும். இரும்பைத் துருவாக்கிய அதே ஆக்சிஜன் இப்போது நம் பூச்சை முற்றவைக்கிறது! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

கடைகளில் துருமாற்றி என்று புட்டியில் விற்பதில் பலவற்றின் உள்ளே இருப்பதும் டானிக் அமிலமும் ஒரு பிசினும்தான். அருங்காட்சியகங்களிலும் இரும்புக்கு டானிக் அமிலம் பூசுகிறார்கள். ஆனால் டானேட் படலம் மெல்லியது, நுண்ணிய வெடிப்புகள் இருக்கும், அதை மட்டும் நம்பினால் தாங்காது. இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிட்டு, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, தேன்மெழுகைத் தேய்த்து மெருகேற்றுங்கள். பெயிண்ட் அடித்தால் அந்த அழகான கருநீலம் மறைந்துவிடும், எனக்கு மனசு வராது. வாசகியின் ஜகடை விளக்கு என்பதால் இன்னொன்று: இரும்பு உடம்புக்குக் கட்டாயம் எர்த் ஒயர் இணைக்க வேண்டும். ஈரக்காற்றில் இது விளையாட்டில்லை.

அரிமானத்தை, அதாவது உலோகம் இப்படி அரிக்கப்படுவதைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதில் நமக்கும் பங்கு உண்டு. அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. கடல்காற்றில் எந்த உலோகம் எப்படி அழிகிறது என்று ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் வைத்துப் பல காலம் பார்த்தவர்கள் அவர்கள். உலகம் முழுக்க அரிமானத்தால் வரும் இழப்பு வருஷத்துக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்று 2016-இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. உலகின் மொத்த உற்பத்தியில் அது 3.4 சதவீதம். நாம் ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவிடுவதோ 2020-21 கணக்குப்படி நம் நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கும் மாநிலத்தில், பாலமும் படகும் மின்கம்பமும் துருவில் கரைந்துகொண்டிருக்கும்போது, இந்தத் துறைக்குப் பணம் கேட்பது கெஞ்சலாக இருக்கக் கூடாது. ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நாம் துரு ஆராய்ச்சிக்கும் தட்டலாம்.

கடுக்காய் எல்லாவற்றுக்கும் ஆகாது. தகர வாளியின் துத்தநாகப் பூச்சும் அலுமினிய டிபன் கேரியரும் கறுக்காது, அவற்றில் பிடிப்பதற்கு இரும்புத் துரு இல்லை. பித்தளைச் செம்புக்குப் புளியே போதும், அதன் அமிலங்கள் மேலிருக்கும் ஆக்சைடைக் கரைத்துவிடும். காசிமேட்டில் படகு பிரிக்கும்போது கிடைக்கும் சங்கிலி, கொக்கி, நங்கூரம் இவற்றில் உப்பு ஜகடையைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும், ஊறவைக்கும் காலத்தையும் அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். மெழுகு போட்ட பிறகும் அடுத்த மழைக்காலத்தில் எங்காவது ஆரஞ்சுப் புள்ளி தலைகாட்டினால், அந்த இடத்தில் குளோரைடு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். முழுப் பொருளையும் கலைக்க வேண்டாம். அந்தப் புள்ளியை மட்டும் டர்பன்டைன் தொட்டு மெழுகு நீக்கி, சுரண்டி, சலவை சோடா நீரில் நனைத்த பஞ்சை ஓரிரு நாள் மாற்றி மாற்றி வைத்து, ஆர்ஓ தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, மறுபடி கடுக்காய்ச் சாறு தடவுங்கள்.