நஞ்சுக்கொடியில் ஒரு சர்க்கரைக் கடை

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வீட்டில் நாலு வெள்ளாடு. ஒன்று நாலாம் மாதத்தில் குட்டி வீசிவிட்டது. திருஷ்டி என்று அம்மா எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். பாலைக் குடிக்கலாமா?”

எலுமிச்சம்பழம் இருந்துவிட்டுப் போகட்டும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளியது யார் என்பதுதான் என் கவலை. ஆடு குட்டி வீச, அதாவது சினை கலைய, பல காரணங்கள் உண்டு. அவற்றில் மனிதருக்கும் தொற்றுகிற ஒன்று புரூசெல்லா. மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து 1887இல் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் பிரித்தெடுத்த கிருமி. ஆடுதான் அதைச் சுமக்கிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது.

தீவனத்தோடு வாய்வழியே நுழையும் கிருமி, தன்னைத் தின்ன வந்த வெள்ளணுவுக்குள்ளேயே சாகாமல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அதையே ஷேர் ஆட்டோவாக்கி உடம்பைச் சுற்றும். சரி, இறங்குவது மட்டும் ஏன் கருப்பையில்?

அங்கே எரித்ரிட்டால் இருக்கிறது. சுகர்காரர்களுக்கென்று சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதே இனிப்பு. சினை ஆட்டின் நஞ்சுக்கொடியில் அது இயற்கையாகவே ஊறுகிறது. பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தாலும் புரூசெல்லா முதலில் கைவைப்பது இதில்தான். தின்று கோடிக்கணக்கில் பெருகும். நஞ்சுக்கொடி அழற்சியில் அழுக, உணவும் ஆக்சிஜனும் கிடைக்காமல் குட்டி வெளியே வந்துவிடும். இது மட்டுமே முழுக் கதை இல்லை. எரித்ரிட்டால் இல்லாத எலியின் நஞ்சுக்கொடியையும் இந்தக் கிருமி விடுவதில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மாட்டுக்கான எஸ்19 தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமிக்கு இந்த இனிப்பே ஆகாது, வளர்ச்சி தடைபடும்!

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், புரூசெல்லா நோய்க்கான ஊசி 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்குத்தான். ‘ஏழைகளின் பசு’ என்று ஆட்டை மேடையில் புகழ்கிறோம். ஊசி என்றால் மட்டும் நிஜப் பசு வேண்டியிருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் தொடவேண்டாம். குட்டி வீசிய ஆடு தெம்பாகத் தெரிந்தாலும் இரண்டு மூன்று மாதம் அதன் பிறப்புறுப்புக் கசிவில் கிருமி வரலாம். மற்ற மூன்றையும் தள்ளிக் கட்டுங்கள். வீசியதைக் கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் தெருநாய் இழுத்துவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் நாலு ஆட்டுக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வரும் வாரங்களில் அம்மாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, ராத்திரி வியர்வை என்று வந்தால், டாக்டரிடம் ஆடு குட்டி வீசியதை முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.