200 டிகிரியில் உருகுவது 60 டிகிரியில் ஏன் வளைந்தது?

பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் புகைப்படத்தோடு கேள்வி அனுப்பியிருந்தார். வீட்டில் புதிதாக வாங்கிய 3டி பிரிண்டரில் காருக்கென்று ஒரு செல்போன் ஸ்டாண்ட் அச்சிட்டு டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறார். ஏப்ரலில் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் காரை நிறுத்திவிட்டு, பந்தி முடித்து வந்து பார்த்தால் ஸ்டாண்ட் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. "பிரிண்டர் இதை 200 டிகிரியில்தான் உருக்குகிறது. காருக்குள் 200 டிகிரியா இருக்கும்? மட்டமான பிலமென்டை (பிரிண்டருக்குள் போகும் பிளாஸ்டிக் இழையை) என் தலையில் கட்டிவிட்டார்களா?"

இல்லை, நல்ல பிலமென்டும் அப்படித்தான் வளைந்திருக்கும். ஏன் என்பதில்தான் சுவாரசியம்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1.75 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை ஸ்பூலில் சுற்றி வருகிறது. 200 டிகிரி வாக்கில் அச்சாகும், வீட்டுப் பிரிண்டர்களில் பரவலான பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் என்றால் ஒரு கிலோவுக்குச் சுமார் 335 மீட்டர். பல்சக்கரம் இழையைத் தள்ள, சூடான நாசில் அதை இளக்கி 0.4 மி.மீ. துளை வழியாக விட, கம்பிக்கோலம் போல ஒரு அடுக்கு. அதன்மேல் அடுத்தது. 1988-இல் ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் மகளுக்குப் பொம்மைத் தவளை செய்வதற்காகப் பசைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சமையலறையில் மல்லுக்கட்டியதில் பிறந்த யோசனை இது. அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியான பிறகுதான் இந்தக் கருவி நம் வீட்டு மேசை விலைக்கு இறங்கி வந்தது.

சரி, வளைந்த ஸ்டாண்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு கையில் கல்கண்டும் இன்னொரு கையில் கடலை மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சர்க்கரைதான். கல்கண்டில் மூலக்கூறுகள் பள்ளிப் பிரேயரில் நிற்பது போல வரிசையாக நிற்கின்றன. அது படிகம். கடலை மிட்டாயின் பாகு அப்படியில்லை. வெல்லத்தைக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும் பதத்தில் இறக்குகிறோம் இல்லையா? அது ஆறும்போது மூலக்கூறுகளுக்கு வரிசை கட்ட நேரம் கிடைப்பதில்லை. தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருக்கும்போதே, நின்ற நின்ற இடத்தில் உறைந்துவிடுகின்றன. பார்க்கக் கெட்டி, உள்ளே திரவத்தின் குழப்பம். இந்த நிலைக்கு இயற்பியலில் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடியும் இதே சாதி.

கல்கண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்தாலும் அது கல்கண்டாகவே இருக்கும். கடலை மிட்டாய் இளகி, பையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி நிலையில் இருப்பவை 'டக்'கென்று உருகுவதில்லை; ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் இளகத் தொடங்குகின்றன. அதுதான் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. நாசிலிலிருந்து வந்ததும் விசிறிக் காற்றில் ஓரிரு நொடிகளில் குளிர்ந்துவிடும் பிஎல்ஏவும் கடலை மிட்டாய்க் கட்சிதான், பெரும்பாலும். அதற்கு இந்த எல்லை 55 முதல் 60 டிகிரி. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வாசகரின் ஸ்டாண்ட் உருகவில்லை, இளகியது. போனைச் சுமந்து பழகிய கழுத்து அதில் இறங்கிவிட்டது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பிளாஸ்டிக் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலிகளின் குவியல். எல்லைக்குக் கீழே அந்தச் சங்கிலிகள் நின்ற இடத்தில் நடுங்கும், அவ்வளவுதான். எல்லையைத் தாண்டியதும் நெளியத் தொடங்கும். சாதாரண வேதிவினை ஒன்று 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த நெளிவு அப்படியில்லை. எல்லையிலிருந்து 10 டிகிரி மேலே போனால் பல நூறு மடங்கு வேகம் கூடுகிறது. அதனால்தான் கார் 50 டிகிரியில் இருந்தபோது அசையாமல் நின்ற ஸ்டாண்ட், பந்தியில் பாயசம் வருவதற்குள் குனிந்துவிட்டது.

எப்படி நெளியும்? தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் கைகோத்துக்கொண்டு போவதை நினைத்துப்பாருங்கள். பக்கவாட்டில் நகர வழியே இல்லை, எல்லாப் பக்கமும் ஆள். முன்னால் போகிறவர் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து நுழைவார். மற்றவர்கள் அவர் போன தடத்திலேயே பாம்பு போல இழுபட்டுப் போவார்கள். பிளாஸ்டிக் சங்கிலியும் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவே இப்படித்தான் ஊர்கிறது என்று 1971-இல் சொன்னவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் டி ஜென். ஊர்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தே இதற்கு 'ரெப்டேஷன்' என்று பெயர் வந்தது. 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காரில் காலை வாரிய இதே ஊர்தல்தான் அந்த ஸ்டாண்டைப் பிறக்க வைத்ததும். பிரிண்டரில் பசை கிடையாது. சூடான புதிய வரி ஆறிய பழைய வரிமேல் விழும்போது, தொடும் இடம் சிறிது நேரம் எல்லைக்கு மேலே சூடாக இருக்கிறது. அந்த ஓரிரு நொடிக்குள் மேல் அடுக்கின் சங்கிலிகள் கீழ் அடுக்குக்குள்ளும், கீழே இருப்பவை மேலேயும் ஊர்ந்து நுழைந்து பின்னிக்கொள்ள வேண்டும். நேரம் போதவில்லை என்றால் இரண்டு அடுக்கும் தொட்டுக்கொண்டிருக்குமே தவிர ஒன்றாகாது. பொருள் அடுக்கு வாரியாகப் பலகாரம் போலப் பிரியும். "பார்க்க அழகாக வருகிறது, கையால் ஒடித்தால் ஒடிகிறது" என்று புலம்புகிறவர்கள் நாசில் சூட்டை 10 டிகிரி கூட்டி, விசிறியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஊர்வதற்கு அவகாசம் கொடுக்கிறீர்கள், வேறொன்றுமில்லை.

இந்தக் கணக்குத் தெரிந்தால் பிலமென்ட் தேர்வு பாதி முடிந்தது. பொம்மை, பள்ளி மாடல், வீட்டுக்குள் மாட்டும் கொக்கி என்றால் பிஎல்ஏ போதும். அச்சிடுவதற்கும் அதுதான் எளிது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கின் பங்காளியான பெட்ஜிக்கு எல்லை சுமார் 80 டிகிரி. மோட்டார் ரூம், தோட்டத்துக் குழாய்க்கான கிளிப் போன்றவற்றுக்கு என் முதல் தேர்வு அதுதான். ஆனால் அச்சு விழும் தட்டு வெறும் கண்ணாடியாக இருந்தால் அதில் அச்சிடாதீர்கள். எடுக்கும்போது கண்ணாடியையும் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வரும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை 105 டிகிரி வரை தாங்கும், ஆனால் முகத்தில் அடிக்கிற நெடி. தவிர, 105-இல் விறைத்துக்கொண்ட பொருள் அறைச் சூட்டுக்கு இறங்கும் வரை சுருங்கிக்கொண்டே வரும் என்பதால் மூலைகள் தட்டைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். ஓசூரில் டிசம்பர் ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்து ஏபிஎஸ் அச்சிட்டுப் பார்த்தால் நான் சொல்வது புரியும். பெட்டி மாதிரி மூடிய பிரிண்டர் வேண்டும். டேஷ்போர்டுக்கு என்றால் ஏபிஎஸ்ஸின் தம்பியான ஏஎஸ்ஏ. அது புற ஊதாக் கதிரையும் தாங்கும்.

அப்புறம் ஈரம். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்துவைத்த கடலை மிட்டாய் பிசுபிசுக்கிறதே, ஏன்? தண்ணீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து சர்க்கரை மூலக்கூறுகளை நகர விடுகின்றன. இளகும் எல்லையே கீழே இறங்கிவிடுகிறது. நைலான் பிலமென்டுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதே. பிஎல்ஏ, பெட்ஜிக்குத் தொல்லை நாசிலில்தான்: ஈரம் நீராவியாகி, கடுகு தாளிப்பது போலப் பொரியும், போதாததற்கு அந்தச் சூட்டில் தண்ணீர் சங்கிலிகளையே துண்டுபோடும். அச்சிட்ட பொருளில் நூலாம்படை, சொரசொரப்பு, பலவீனம்.

ஈரத்தை உலர்த்த வேண்டும் என்று படித்துவிட்டு நானும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். தர்மபுரி வெயில் இருக்க டிரையர் எதற்கு என்று கறுப்பு பிஎல்ஏ ஸ்பூல் ஒன்றை மே மாதம் மொட்டைமாடியில், வடகத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். சாயந்திரம் வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. பிலமென்டின் வெளிச்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்க ஒடிந்தன. பிஎல்ஏவை 45 முதல் 50 டிகிரிக்குள் நாலைந்து மணி நேரம் உலர்த்த வேண்டும்; அதற்கு மேலே போனால் கதை மேலே சொன்னதுதான். உலர்த்திய பின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கடைசியாக ஒரு மூடநம்பிக்கை. "பிஎல்ஏ மாவுச்சத்திலிருந்து செய்தது, மண்ணில் போட்டால் மக்கிவிடும்." முதல் பாதி சரி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களைக் கொண்டு லாக்டிக் அமிலமாக்கி, அதைச் சங்கிலியாகக் கோக்கிறார்கள். அமெரிக்காவில் மக்காச்சோள மாவுச்சத்து, தாய்லாந்தில் நேரடியாகக் கரும்புச் சர்க்கரை. இரண்டாவது பாதிதான் பாதி உண்மை. பிஎல்ஏ சீக்கிரம் மக்குவது சுமார் 60 டிகிரியில் நடத்தும் பெரிய உரக்கிடங்குகளில். அந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம் வருகிறதா? சங்கிலிகள் நெளிந்தால்தான் தண்ணீர் தாராளமாக உள்ளே போய் வெட்ட முடியும். இரண்டு வருடம் முன் முருங்கை மரத்தடியில் நான் புதைத்த ஒரு கோணல் பிள்ளையாரைப் போன மாதம் தோண்டி எடுத்துக் கழுவினேன். தும்பிக்கை நுனி உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது. 'இயற்கை' என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் நாம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளி விலை விழும்போதெல்லாம் விவசாயி கிழங்கைத் தோண்டவே யோசிக்கிறார். அதுவும் மாவுச்சத்துதான். கிழங்கிலிருந்து பிலமென்ட் வரை போகும் ஒரு சின்ன சோதனை ஆலைக்கு இந்த மாவட்டத்தில் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். லாபம் வருமா என்பது செய்து பார்த்தால்தானே தெரியும்.

பாலக்கோட்டு வாசகருக்கு: அந்த ஸ்டாண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கைபொறுக்காத சூட்டில், 70 டிகிரி வாக்கில் வெந்நீர் எடுத்து ஒரு நிமிடம் முக்குங்கள். இளகியதும் இடுக்கியால் எடுத்து, துணியைச் சுற்றிப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தி, ஆறும் வரை கையை எடுக்காதீர்கள். பழையபடி விறைத்துக்கொள்ளும். அப்புறம் அதைக் காரில் அல்ல, வீட்டு மேசையில் வையுங்கள்.